கொல்லாத கில்லி

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் வீடு. காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தைப் பார்த்த சன்னலுக்குக் கீழே இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. பாதிக்கு மேல் செடியும் பாசியும். உள்ளே விரல் நீளத்துக்கு ஆறேழு மீன்கள். ஆண்மீனுக்கு நீலம் ஓடிய உடம்பு, அதன்மேல் குங்குமத்தைத் தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள், துடுப்பு ஓரத்தில் மஞ்சள் கரை. பெண்மீன் பழுப்பும் சாம்பலுமாக, கல்யாண வீட்டில் சமையல்கட்டை விட்டு வெளியே வராத சித்தியைப் போல ஒதுங்கி நிற்கும். தொட்டியின் மூலையில், சேலத்துக் கடையில் ஒட்டிக் கொடுத்த சீட்டு உரியாமல் இருந்தது. ‘கில்லர் ஃபிஷ்’ என்று தமிழ் எழுத்தில் அழகாகவே எழுதியிருந்தார்கள்.

நண்பரின் அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏந்தம்பி, நீங்க எழுதுறவங்க, உங்களுக்குத் தெரியும். கொல்ற மீனுன்னு சீட்டே ஒட்டிக் குடுத்திருக்கான். அதைப் போய் இவன் காசு குடுத்து வாங்கி நடுக்கூடத்துல வச்சிருக்கானே?”

“கில்லர் இல்லைங்கம்மா, கில்லி.”

“கில்லின்னா? விஜய் படமா?”

காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இதுதான்.

தமிழ்க் காதுக்குக் கில்லி புதுச் சொல் இல்லை. கிட்டிப்புள் ஆட்டத்தில் கோலால் தட்டி எழுப்பி அடிக்கிற சின்னக் கட்டைக்குக் கில்லி என்று பெயர். வடக்கே கில்லி தண்டா என்று ஆடுகிறார்களே, அந்தக் கில்லிதான். அடித்த அடியில் பறக்கும் கட்டை, நாளாவட்டத்தில் எந்த வேலையிலும் பறக்கிற ஆளுக்குப் பட்டமாகிவிட்டது. கணக்கில் கில்லி, கபடியில் கில்லி. 2004இல் தரணியின் படம் வந்தபிறகு அந்தப் பட்டத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மூடி போடாத தொட்டியிலிருந்து இந்த மீன் எகிறுகிற எகிறலைப் பார்த்தவர்கள், பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து என்பார்கள். ஆனாலும் அந்தக் கில்லிக்கும் இந்தக் கில்லிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

மீனின் கில்லி டச்சுக்காரர்களுடையது. டச்சு மொழியில் ‘கில்’ என்றால் நீர்க்கால், ஓடை. நெதர்லாந்தில் டோர்ட்ரெக்ட் நகரத்தை ஒட்டி ஓடும் ஒரு நீர்வழிக்கு இன்றைக்கும் ‘டோர்ட்சே கில்’ என்றே பெயர். 1609இல் ஹென்றி ஹட்சன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கப்பல் ஓட்டிப்போய், இப்போது அவர் பெயரால் வழங்கும் அமெரிக்க ஆற்றுக்குள் நுழைந்தார். பின்னாலேயே டச்சுக் குடியேறிகள் வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில்பட்ட ஓடைக்கெல்லாம் ‘கில்’ ஒட்டினார்கள். கேட்ஸ்கில் என்றொரு மலைத்தொடர், பிலடெல்பியாவை ஒட்டி ஓடும் ஷூல்கில் ஆறு, இப்படிப் பல. 1664இல் ஆங்கிலேயர் அந்த நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆனது. ஓடைகளின் பெயரை மாற்ற யாருக்கும் பொழுதில்லை. அந்தக் கில்களில் கூட்டம் கூட்டமாகத் திரிந்த சின்ன மீன் ‘கில்லிஃபிஷ்’ ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சொல் அச்சேறிவிட்டது. தமிழில் சொன்னால் ஓடைமீன், அவ்வளவுதான்.

அந்த முதல் கில்லிக்கு அதற்கும் முந்திய பெயர் ஒன்று உண்டு. அந்தக் கடற்கரையின் பூர்வகுடி மக்கள், கூட்டமாகப் போவது என்ற பொருளில் வைத்த பெயர். ஆங்கில வாயில் அது ‘மம்மிச்சோக்’ ஆயிற்று. அறிவியலில் ஃபண்டுலஸ் ஹெட்டிரோகிளிட்டஸ். 1973இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு எடுத்துப்போன மீன் இது. விண்வெளிக்குப் போன முதல் மீன். உப்பங்கழியில் தூண்டில் இரையாகப் பிடித்துப் போடுகிற மீனுக்கு வந்த வாழ்வு!

சேலத்துக் கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். கில்லியைக் கொலையோடு முடிச்சுப் போட்டதில் அவருக்குப் பெரிய கூட்டாளிகள் இருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றுப் பக்கம் ஃபிஷ்கில் என்று ஓர் ஊர். டச்சில் மீன் ஓடை. 1996இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா அந்த ஊருக்கு ஒரு கோரிக்கை வைத்தது: மீனைக் கொல்வதுபோல் ஒலிக்கிற இந்தப் பெயரை மாற்றிவிடுங்கள் என்று. ஊரின் மேயர் மறுத்துவிட்டார். சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அந்த அமைப்பின் பெயர் நம் ஊர்த் தேநீர்க் கடை வரைக்கும் எட்டியது. அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே அது ஒரு டச்சு ஓடையில் தடுக்கி விழுந்த கதை அவ்வளவாக எட்டவில்லை.

இங்கே எனக்கே ஒரு தடுக்கல் காத்திருந்தது. ஏற்காடு ஏரியின் உபரிநீர் வழிந்துபோய், சுமார் 300 அடி விழுகிற அருவிக்குப் பெயர் கிளியூர் அருவி. கில் என்றால் ஓடை. கிளியூர் ஓடையோரத்து ஊர். பொருந்துகிறதே! இன்னும் ஒருபடி மேலேபோய், டச்சுக்காரனுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததே தமிழ்தான் என்று வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிட்டால், பொழுது விடிவதற்குள் கடல் தாண்டிப் போய்விடும். கிளியூரில் இருப்பது கிளி. லகரமும் ளகரமும் வேறு வேறு என்று மூன்றாம் வகுப்பு வாத்தியார் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இதற்காகத்தான். இரண்டு மொழியில் இரண்டு சொல் ஒரேமாதிரி ஒலிப்பது, பேருந்தில் ஒரே நிறச் சட்டை போட்ட இருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. அண்ணன் தம்பியாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஏற்காடு என்ற பெயரே இதற்கு நல்ல பாடம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று நடத்துநர் முதல் சுற்றுலா வழிகாட்டி வரை சொல்கிறார்கள். ஏரியும் இருக்கிறது, காடும் இருக்கிறது. ஆனால் ஏரியோடு காடு சேர்ந்தால் ஏரிக்காடு. றகரத்துக்கு அங்கே வேலை இல்லை. வேலோடு காடு சேர்ந்தால் வேற்காடு என்பது இலக்கணம். முன்சொல்லின் முடிவில் லகர மெய் நின்றால்தான் ககரத்தைக் கண்டு றகரமாகத் திரியும். பேச்சில் ரகரமும் றகரமும் கலந்துபோய் எவ்வளவோ காலமாயிற்று, எழுத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று எதிர்வழக்கும் ஆடலாம். நான் எழுத்தின் பக்கம். ஏரி என்ற விளக்கம் ஏரியைப் பார்த்தபிறகு பிறந்தது என்றே எனக்குப் படுகிறது.

டச்சுக்காரர்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஏறவில்லை. தமிழ்க் கடற்கரையில் நன்றாகவே காலூன்றியிருந்தார்கள். ஹட்சனை அனுப்பிய அதே கம்பெனி, நான்கே ஆண்டில், 1613இல், பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டது. அவர்கள் விட்டுப்போனதை நாம் நாள்தோறும் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறோம். கையில் துட்டு இல்லை என்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரனின் ‘டாய்ட்’ என்ற செப்புக்காசு. கக்கூசு அவன் மொழியில் கழிப்பிடம். யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும், மேசை இழுப்பறையை லாச்சி என்பதும் டச்சுதான். ஆகவே கில்லியும் அந்தக் கப்பலில் வந்த சரக்கோ என்று நினைக்கத் தோன்றும். இது வேறு கப்பல். ஹட்சன் ஆற்றில் ஏறி, ஆங்கிலத்தில் குளித்து, மீன் வளர்ப்புப் பித்தர்களின் புத்தகங்கள் வழியாகக் கொளத்தூருக்கு வந்திறங்கிய டச்சுச் சொல் இது. சேலத்து வாசகர்கள் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் என்று எண்ணிவிட வேண்டாம்; வண்ணமீன் சந்தைக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரைச் சொல்கிறேன். இரண்டுமே குளத்தூர்கள்தாம். குளம் நம் வாயில் கொளம் ஆனபோது ஊரும் கூடவே வளைந்துகொண்டது.

இவ்வளவு சொல்லியும் பாதிப் பெயர்தான் ஆயிற்று. நண்பரின் தொட்டியில் இருந்த மீனுக்கு முழுப்பெயர் ஃபண்டுலோபஞ்சாக்ஸ் கார்ட்னெரி. நைஜீரியாவிலும் கேமரூனிலும் ஓடைகளில் வாழ்வது. 1911இல் பெயரிடப்பட்டது. இந்த நீளப் பெயரின் நடுவில் ஒரு வங்காள மீனவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்க்க நாம் மேட்டூர்ப் பக்கமே போகவேண்டும்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். கைக்கு வந்த நாட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவரும்படி, அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஒரு ஸ்காட்லாந்து மருத்துவரை அனுப்பினார். பெயர் பிரான்சிஸ் புக்கானன். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பியவர் மைசூர்ச் சீமையைச் சுற்றிவிட்டு, காவேரிபுரம் கணவாய் வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கினார். அந்தக் காவேரிபுரம் இன்றைய மேட்டூருக்கு அருகே இருப்பது. எந்த ஊரில் என்ன நெல், எந்த ஏரி உடைந்து கிடக்கிறது, இரும்பை எப்படி உருக்குகிறார்கள் என்று கணக்குப்பிள்ளை போல எழுதிக்கொண்டே நடந்தார். பிற்பாடு வங்காளத்திலும் அதே வேலை. அங்கே ஆறுகளின் மீன்களை வரைந்தும் எழுதியும் சேர்த்து, 1822இல் எடின்பரோவில் கங்கை மீன்களைப் பற்றிய நூலாக வெளியிட்டார். அதற்குள் தாய்வழிச் சொத்து கைக்கு வந்து ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவர் தன் பெயரைக் காப்பாற்றவில்லை.

அந்த நூலில் புக்கானன் செய்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. மீனுக்குப் பெயர் வைக்கும்போது கிரேக்கத்தையும் லத்தீனையும் கிண்டாமல், மீனவர் வாயில் இருந்த பெயரையே எடுத்து லத்தீன் வால் ஒட்டினார். ரோகிதா, கட்லா, மிருகாலா எல்லாம் அவர் வைத்தவை. மேட்டூர் அணை மீனை வாங்க வரிசையில் நின்று, ரோகு எவ்வளவு, கட்லா எவ்வளவு என்று கேட்கிறோமே, அந்தப் பெயர்கள் ஏட்டில் ஏறியது அப்படித்தான். உலகத்து ஆய்வகங்களில் எல்லாம் நீந்தும் வரிமீனுக்கு டேனியோ ரெரியோ என்று பெயர். டேனியோவும் வங்காளப் பேச்சுதான்.

குட்டையில் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும், தலை தட்டையான, மேல்நோக்கிய வாய் கொண்ட சின்ன மீன் ஒன்றை அவர் பார்த்தார். அங்கத்தியவர்கள் ‘பங்சக்’ என்றார்கள். புக்கானன் ‘பஞ்சாக்ஸ்’ என்று எழுதிவைத்தார். வெள்ளைக்காரன் காது எதையும் முழுதாகக் கேட்டதில்லை. நம் மலையின் உச்சியில் காவேரி அம்மனோடு குகைக்கோயிலில் இருக்கும் சேர்வராயனை அவர்கள் ‘ஷெவராய்’ ஆக்கினார்கள். சாமி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை, மீனும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு அந்தப் பெயருக்கு வந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. 1839இல் ஜான் மெக்லெலண்ட் என்பவர் இவ்வகை மீன்களுக்கு ‘அப்லோகைலஸ்’ என்று குடும்பப்பெயர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். கிரேக்கத்தில் ஒற்றை உதடு என்று பொருள். கிரேக்கச் சொல்லில் முதலில் ஒரு ஹகரம் வேண்டும். மெக்லெலண்ட் அதை விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் திருத்துவதுபோல், ஹகரத்தைச் சேர்த்து ‘ஹாப்லோகைலஸ்’ என்று எழுதினார்கள். இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே கூட அந்தக் கட்சி. முதலில் எழுதிய எழுத்தே செல்லும் என்ற விதிப்படி ஹகரம் கடைசியில் வெளியே போயிற்று. ஹகரம் இல்லாமலே காலம் தள்ளிய மொழிக்காரனுக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி.

நடுவில் 1846இல், பாரிசிலிருந்து வலான்சியன், வங்காளப் பெயரையே தூக்கிப் பேரினப் பெயராக்கி ‘பஞ்சாக்ஸ்’ என்றார். தென்னிந்தியக் குளங்களில் பொன் வரியும் சிவப்புக் கரையுமாகத் திரியும் மீனுக்குப் பஞ்சாக்ஸ் லினியாட்டம் என்று பெயர் வைத்தவரும் அவரே. மெக்லெலண்டின் பெயர் ஏழு ஆண்டு மூத்தது என்பதால் பஞ்சாக்ஸ் தோற்றது. அறிவியலில் தோற்ற பெயர் வண்ணமீன்காரர்களிடம் பிழைத்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் துறைமுகங்களில் வந்திறங்கிய ஆப்பிரிக்க மீன்களில், நீர்மட்டத்தை ஒட்டி நிற்கிற, வாய் மேல்நோக்கிய எதைப் பார்த்தாலும் பஞ்சாக்ஸ் என்றார்கள். வங்காளக் குட்டையின் பெயர் காங்கோ வரை போயிற்று.

1924இல் ஜார்ஜ் மையர்ஸ் என்ற அமெரிக்க இளைஞருக்கு வயது 19. நம்மூரில் கல்லூரி அரியர் எழுதுகிற வயது. அவர் ஆப்பிரிக்கக் கில்லிகளைத் தரம்பிரித்து, ஒரு கூட்டத்துக்கு அஃபியோசெமியான் என்று பெயர் சூட்டினார்: கொடி பிடித்த பொடிமீன். இன்னொரு கூட்டத்துக்கு, அமெரிக்காவின் ஃபண்டுலஸையும் வங்காளத்தின் பஞ்சாக்ஸையும் ஒட்டவைத்து, ஃபண்டுலோபஞ்சாக்ஸ். ஃபண்டுலஸ் என்றால் அடிமட்டத்தோடு தொடர்புள்ளது. பஞ்சாக்ஸோ மேல்மட்டத்தை விட்டு நகராதது. அடியும் மேலும் ஒரே பெயரில்! ஆப்பிரிக்க மீன் ஒன்றின் பெயரில் அமெரிக்காவும் இந்தியாவும் இருக்கின்றன, ஆப்பிரிக்காதான் இல்லை. 1933இல் அதே மையர்ஸ், மடகாஸ்கர், செய்செல்ஸ் தீவுகளின் மீன்களுக்கு ‘பேக்கிபஞ்சாக்ஸ்’ என்று பெயரிட்டார். தடித்த பஞ்சாக்ஸ்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1990களில் மரபணுவை வைத்து இந்த மீன்களின் வம்சாவளியைப் பார்த்தார்கள். ஃபண்டுலோபஞ்சாக்ஸ் நம் நாட்டுப் பஞ்சாக்ஸுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை, ஆப்பிரிக்கப் பங்காளிகளோடு சேர்ந்தது. பேக்கிபஞ்சாக்ஸோ நம் வயல் பஞ்சாக்ஸுக்கு உடன்பிறப்பு. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்து உறவு என்று இதை விளக்குவார்கள்; நிலம் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டு ஆகிறது. பெயர் வைத்தவர் உடம்பின் சாயலைப் பார்த்து எறிந்த இரண்டு கல்லில் ஒன்று மாங்காயில் பட்டுவிட்டது.

சொந்த ஊரில் பஞ்சாக்ஸ் என்ன பாடுபட்டது? பஞ்சாக்ஸ் லினியாட்டமாக இருந்து அப்லோகைலஸ் லினியாட்டஸ் ஆன மீன், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நம் வயல் வாய்க்காலில் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும். மேலே இருந்து பார்த்தால் முதலில் தெரிவது அந்தப் பொட்டுதான். மலையாளிகள் இதை மானத்துக்கண்ணி என்றார்கள்: வானத்தைப் பார்க்கிற கண்ணுக்காரி. வங்காளத்துப் பஞ்சாக்ஸுக்கு அங்கே தேசோக்கா என்ற பெயரும் உண்டு, முக்கண்ணன் என்று பொருள். பொட்டை மூன்றாவது கண்ணாக எண்ணியிருக்கிறார்கள். கேரளத்தில் தண்ணீரில் துப்பினால் பாய்ந்துவந்து கொத்துவதால் துப்பலுகொத்தி என்றும் சொல்வார்கள். இந்த மூன்று பெயரும் மீனை உட்கார்ந்து பார்த்தவர்கள் வைத்தவை. காவிரிக் கரையில் நான் வளர்ந்த தெருவிலோ, துண்டை விரித்துப் பிடித்துப் பாட்டிலில் போட்டு, ‘மீன்குஞ்சு’ என்றோம். வளர்ந்து பிள்ளை பெற்ற மீன் அது. விரலைவிடச் சிறியதாக இருந்த ஒரே காரணத்துக்காக ஆயுள் முழுக்கக் குஞ்சாகவே வைத்திருந்தோம். வாய்க்காலில் மானத்துக்கண்ணி நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் கம்பூசியா நிற்கிறது. கொசுவை ஒழிக்க வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். கியூபாவில் ‘கம்பூசினோ’ என்றால் ஒன்றுமில்லாதது, வெறும் வேடிக்கை என்று பொருள்; அதிலிருந்து வந்த பெயர். கொசுப்புழு தின்னும் சொந்த மீன் இருக்க, ‘ஒன்றுமில்லாததை’ இறக்குமதி செய்திருக்கிறோம்.

கில்லிகளில் இன்னொரு கூட்டத்துக்குப் பெயர் நோத்தோபிராங்கியஸ். பொய்ச்செவுள் என்று கிரேக்கம். பெயரைக் கேட்டால் ஏதோ மோசடி வழக்கு மாதிரி இருக்கிறது. மீனைப் பார்த்தால் வாயடைத்துப்போகும். மொசாம்பிக்கின் பெய்ரா பக்கத்து ராக்கோவியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளித் தறியில் நெய்த மாதிரி ஆரஞ்சும் நீலமும் குறுக்குமறுக்காக ஓடி, வால் நுனியில் கறுப்புக் கரையில் முடியும். இவை மழைக்குட்டை மீன்கள். மழை பெய்து குட்டை நிரம்பினால் பொரிக்கும், வளரும், சேற்றில் முட்டையிடும். குட்டை வற்றும், தாய் தகப்பன் எல்லாம் செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஃபர்சரி என்ற இனம், பொரித்த 14 நாளிலேயே முட்டையிடத் தயாராகிவிடுவதாக 2018இல் கண்டுபிடித்தார்கள். 1968இல் ஜிம்பாப்வேயின் கோனாரேழு காட்டில் பிடித்த அந்த மீனின் வழித்தோன்றல்களை வைத்து இன்று முதுமையைப் பற்றிய பல ஆய்வுகள் நடக்கின்றன. சில மாதத்திலேயே கிழடாகிவிடுவதால் ஆய்வாளருக்குக் காத்திருக்கும் வேலை மிச்சம்.

முட்டை காய்ந்தும் உயிரோடிருக்கும் என்பதால் இந்த மீன் தபாலில் போகும். ஈரம் பிழிந்த கரித்தாவர மண்ணில், அதாவது ‘பீட்’டில், முட்டைகளைக் கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, உறையில் போட்டு அனுப்புவார்கள். நம்மூரில் அந்த மண்ணுக்குப் பதில் தென்னை நார்த்தூளைக் கொதிக்கவைத்துப் பிழிந்து போடுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று மாதம் மூலையில் கிடந்த பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினால், பொடிப்பொடியாக மீன் எழும். நண்பர் தன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஊறவச்ச பயறு மாதிரியா?” என்று கேட்டாராம். அதைவிடத் தெளிவாக நானும் எழுதமுடியாது.

ஏற்காட்டில் கில்லி வளர்ப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கார்ட்னெரி மாதிரியான ஓடைக்கில்லிகளுக்கு 22, 24 பாகை வெப்பம் போதும். சித்திரையில் சேலம் நகரத்தில் 40 பாகையைத் தொடும்போது தொட்டித் தண்ணீர் கஞ்சியாகிவிடும். மின்விசிறி வைத்து, பனிக்கட்டிப் பாட்டில் மிதக்கவிட்டு மல்லுக்கட்ட வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நண்பர் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி, தக்கையில் தொங்கவிட்டிருந்தார். மீன் அதில் ஒன்றிரண்டாக முட்டையிடும். கையாலேயே பொறுக்கிச் சின்னக் கிண்ணத்தில் போட்டுவைக்கிறார். இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். தீனிக்குக் கொசுப்புழு, வாசலில் வாளித் தண்ணீரில் தானாகவே கிடைக்கிறது. மூடிக்கு மேலே ஓர் அகராதியை வைத்திருந்தார். கில்லி எகிறாமல் இருக்க.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தோம். கில்லி வளர்ப்பவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: இனப்பெயரோடு எந்த ஊரில் பிடித்த மீனின் வம்சம் என்பதையும் எழுதவேண்டும். அகுரே கார்ட்னெரி, ஜோஸ் கார்ட்னெரி, மிசாஜே கார்ட்னெரி. ஒரு ஊர்க்காரனை இன்னொரு ஊர்க்காரியோடு சேர்க்கமாட்டார்கள். சேர்த்தால் இரண்டு ஊரின் சாயலும் கெட்டுவிடும் என்று பயம். நாம் தலையெழுத்தில் ஊரைப் போட்டுக்கொள்வோமே, சேலத்துக்கு ஒரு ‘சே’, மதுரைக்கு ஒரு ‘ம’ என்று, அதுமாதிரி. டச்சும் கிரேக்கமும் லத்தீனும் வங்காளமும் முண்டியடிக்கும் பெயரில், ஆப்பிரிக்காவுக்குக் கிடைத்த இடம் அந்தத் தலையெழுத்துதான்.

நண்பரின் மீன் மிசாஜே. கேமரூனின் வடமேற்கில் இருக்கும் ஊர். நான் தமிழில் எழுதினேன்: ‘மிசாஜே. கார்ட்னெரி. கில்லி. கொல்லாது.’ கடைசிச் சொல் அம்மாவுக்காக. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். மிசாஜே எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம்.

“அந்த ஊர்ல ஓடை இருக்கும், ஓடையில பிள்ளைங்க இருக்கும். அதுங்க இதை என்னன்னு கூப்பிடும்?”

நண்பர் என்னைப் பார்த்தார். சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டுத்தான் ஒட்டியிருக்கிறோம்.